பட்டி பார்த்த கேட்டு

துடியலூரில் தங்கை வீட்டுக்குப் போனால் நான் வண்டியை வாசல் கேட்டின் இடதுபக்கத் தூணை ஒட்டித்தான் நிறுத்துவேன். அந்தத் தூணின் மேல் கீலை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று எனக்குள் ஒரு பதைப்பு. வண்டி எவ்வளவு உயரம், கீல் எவ்வளவு உயரம் என்று கேட்காதீர்கள். எதுவும் மறைவதில்லை. பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்தும் ஆயிற்று.

வெல்டிங் பழகப் போனபோது எனக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன் காந்திபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் தயாரிக்கும் வேலை. பெண்ணின் கன்னத்துப் பரு, மாப்பிள்ளையின் கண்ணுக்குக் கீழே கருவளையம், சித்தப்பா சட்டையில் சாம்பார்க் கறை, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் தேய்த்து எடுப்பேன். நான் கை வைத்த ஆல்பத்தில் எந்த அத்தைக்கும் நெற்றிச் சுருக்கம் கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. பிறகு அந்த வேலையை அவரவர் கையிலிருந்த போனே செய்ய ஆரம்பித்தது. ஸ்டூடியோக்காரர் ஒரு நாள் டீ வாங்கிக் கொடுத்து, சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார். அவர் வாய் திறக்கும் முன்பே எனக்குத் தெரியும். இருந்தும் அந்த டீயை என்னால் குடித்து முடிக்க முடியவில்லை.

கணபதியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கிரில் பட்டறை இருக்கிறது. பட்டறைக்காரர் என்னைவிட வயதில் மிகவும் சின்னவர், வாய் ஓயாதவர், குதிரைப் பைத்தியம். இரும்பு வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார், நடுவில் அது எப்படியோ குதிரையில் போய் முடியும். அவருடைய கல்யாண ஆல்பமும் நான் செய்ததுதான். வேலை கேட்டுப் போய் நின்றபோது அதைச் சொல்லித்தான் சிரித்தார். "எனக்கே என்னைய அடையாளம் தெரியாமப் பண்ணிப்போட்டீங்க சார். என்ற ஊட்டுக்காரி இன்னும் அந்தப் படத்துல இருக்கறவனத் தேடிட்டிருக்கறா." சிரித்து முடித்து, நாளைக்கே வரச் சொல்லிவிட்டார்.

முதல் சில வாரங்களை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. வெல்டிங் ராடை இரும்பில் உரசி மெல்ல விலக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது ஒட்டிக்கொள்ளும். பிடுங்கினால் கையோடு மொத்த வேலையும் ஆடும். வெள்ளைச் சட்டை போட்டே பழகியவன் என்பதால் முதல் நாளும் வெள்ளைச் சட்டையில்தான் போனேன். மாலையில் நெஞ்சுப் பக்கம் முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டை. முகத்துக்குப் பிடிக்கும் கறுப்புக் கண்ணாடியை விலக்கி, சரியான இடத்தில்தான் வைக்கிறேனா என்று ஒரு நொடி எட்டிப் பார்ப்பது என் வழக்கமாக இருந்தது. அதன் பலனை ராத்திரி கண் சொல்லும். கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது போலிருக்கும். மனைவி உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி இமை மேல் வைத்துவிட்டு, விளக்கை அணைத்துப் போவாள்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பட்டறைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்க்கிற பார்வைதான் ஆகவில்லை. ஜன்னல் கிரில்லுக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் என் நரையைப் பார்த்து நான்தான் முதலாளி என்று நினைத்து, என்னிடமே நேராக வந்து, "ஏனுங்க, எப்பங்க ஆகும்?" என்பார்கள். நான் பட்டறைக்காரர் பக்கம் கையைக் காட்டுவேன். அவர்கள் அவரையும் பார்த்து, என்னையும் பார்த்து, ஒன்றும் கேட்காமல் நகர்வார்கள். கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கும்.

ஒட்டாமல் போட வந்த பிறகும் என் வெல்டிங் பார்க்கச் சகிக்காது. ஓரிடத்தில் மேடு, ஓரிடத்தில் பள்ளம், நடுவில் ஓட்டை. மேலே படிந்த கரிப் பொருக்கைத் தட்டி எடுத்தால் அடியில் கோழி எச்சம் காய்ந்தது போல் கிடக்கும். பட்டறைக்காரர் போடுவது வரிசையாகத் தைத்தது போல் விழும். அவர் என்னைத் திட்டியதில்லை. போடப் போட வரும் என்பார். ஆனால் எனக்குப் பொறுமை இல்லை. அசிங்கமாக ஒன்றைச் செய்து, அதை நாலு பேர் பார்க்கும்படி விட்டுவிட்டு நிற்பது என் பிறவியிலேயே இல்லை.

அப்போதுதான் இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரின் அருமை எனக்குப் புரிந்தது. சக்கரத்தை வைத்து ஓட்டினால் மேடெல்லாம் பொறியாகப் பறந்து, இரும்பு கண்ணாடியாகிவிடும். மிச்சமிருக்கும் பள்ளத்தில் பெயிண்டர்கள் போல் வெள்ளை மாவை அடைத்துப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்தால் எங்கே ஒட்டு இருந்தது என்று எனக்கே தெரியாது. இது எனக்குத் தெரிந்த வேலை. வெல்டிங் தெரியாத வெட்கத்தைக் கிரைண்டரில் தேய்த்துத் தேய்த்தே போக்கிக்கொண்டேன். மேலாகத் தொட்டால் போதும், அடியோடு எடுக்காதீர்கள் என்று பட்டறைக்காரர் ஓரிரு முறை சொன்னார். தலையாட்டினேன்.

தங்கை துடியலூரில் புது வீடு கட்டி, ஆவணியில் புண்ணியார்ச்சனை வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் கிரகப்பிரவேசத்தைப் புண்ணியார்ச்சனை என்போம். அதற்குப் பிறந்த வீட்டிலிருந்து சீர் போக வேண்டும். பெண்ணுக்குச் சேலை, மாப்பிள்ளைக்கு வேட்டி, வீட்டுக்குப் பாத்திரம் பண்டம் என்று தட்டுத் தட்டாக எடுத்துப் போவது வழக்கம். எந்தத் தட்டில் என்ன இருந்தது என்று அவள் மாமியார் பல வருஷம் கழித்தும் ஒப்பிப்பார். அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள், அப்பா இல்லை. செய்ய வேண்டியவன் நான் ஒருவன்தான். என் நிலைமை தங்கைக்குத் தெரியும்.

அழைக்க வந்தவள், என் மனைவி காப்பி கலக்க உள்ளே போன நேரம் பார்த்து, சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொன்னாள். "மத்த சீரெல்லாம் வேண்டாமுங்ண்ணா. கேட்டு மட்டும் நீங்க செஞ்சு குடுங்க. எங்கண்ணன் கையால செஞ்சதுன்னு எல்லாத்துகிட்டயும் சொல்லிக்குவேன்." அவள் எதை மறைக்கிறாள் என்று எனக்குப் புரியாமலில்லை. என்னால் தட்டுகளை நிரப்ப முடியாது என்பதை ஒரு பெருமையாக மாற்றி என் கையில் கொடுக்கிறாள். எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது. அந்த நிமிடமே முடிவு செய்தேன், அவள் மாமியார் விரலை வைத்துக் குறை சொல்ல ஓர் இடம் அந்தக் கேட்டில் இருக்கக் கூடாது.

ஆடி மாதம் முழுக்க அந்தக் கேட்டுதான். சட்டம் வெட்டி, பூ வேலைக்குக் கம்பி வளைத்து, பட்டறை வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து செய்தேன். கீல் வைக்கும் நாளில் பட்டறைக்காரர் இல்லை. அந்தியூர் சந்தைக்குக் குதிரை பார்க்கப் போய்விட்டார். அவர் வரும்வரை காத்திருக்கலாம் என்று ஒரு மனம் சொன்னது. அவர் வந்தால் பக்கத்தில் நின்று பார்ப்பார், என் கோழி எச்சத்தைப் பார்ப்பார். நானே வைத்தேன். இரண்டு கீலையும் சுற்றி வெல்டிங் வைத்து, பிறகு சட்டத்தோடு சமமாகும்வரை கிரைண்டர் ஓட்டி, பட்டி பார்த்து, காப்பிக்கொட்டை நிறத்தில் பெயிண்டும் அடித்துவிட்டேன்.

சந்தையிலிருந்து திரும்பியவர் கேட்டைத் தடவிப் பார்த்தார். மொழுமொழுவென்று இருக்கிறதே என்று மெச்சினார். மேல் கீலில் கை நின்றது. "உள்ள நல்லா எறங்குச்சுங்களா சார்?" என்றார். இரும்புக்குள் இரும்பு உருகி இறங்கினால்தான் ஒட்டு, இல்லாவிட்டால் மேலே பூசியதுதான். எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மையான பதில். எறங்குச்சுங்க என்றேன். அவர் சந்தையில் பார்த்த ஒரு வெள்ளைக் குதிரையைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

புண்ணியார்ச்சனைக்கு முந்தின நாள் கேட்டை மாட்டினோம். தூணில் கொத்தனார் முன்பே பதித்து வைத்திருந்த தகட்டில் கீலைப் பொருத்தியதும், ஒரு விரலால் தள்ளினால் ஓடியது. சொந்தக்காரர்கள் வந்து இறங்க இறங்கத் தங்கை ஒவ்வொருவரையும் வாசலில் நிறுத்திக் காட்டினாள். அவள் மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து மேலும் கீழும் பார்த்தார். "கடைல வாங்குனாக்கூட இப்பிடி இருக்காதுங்க" என்றார். தங்கை என்னைப் பெருமையோடு பார்த்த பார்வையை இப்போது நினைக்கவே கூசுகிறது. சாயங்காலம் அந்த வீட்டுக் குழந்தைகள் கேட்டில் ஏறித் தொங்கி முன்னும் பின்னும் ஆடினார்கள். யாரோ இறங்கச் சொல்லி அதட்டினார்கள். ஆடட்டும், ஒன்றும் ஆகாது என்று நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு நானும் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டேன்.

விடிவதற்கு முன் பசுவும் கன்றும் வந்தன. புது வீட்டுக்குள் முதலில் பசு நுழைய வேண்டும். கேட்டைத் திறந்து வைத்து, மேளம் முழங்க அதை உள்ளே ஓட்டினார்கள். போட்டோக்காரர் எதிரே நின்று விளக்கை அதன் முகத்தில் அடித்தார். பசு மிரண்டு, டைல்ஸில் கால் வழுக்கி, பின்னால் நகர்ந்து, கேட்டின் மேல் சாய்ந்தது. பெரிதாக மோதவும் இல்லை, சாய்ந்ததுதான். மேல் கீல் படக்கென்று விட்டது. கேட்டு மொத்தமும் திருகிக்கொண்டு கீழ்க் கீலையும் பிய்த்துக்கொண்டு சரிந்து விழுந்தது. விழுந்த இடத்தில் டைல்ஸ் நொறுங்கியது. அங்கே யாரும் இல்லை. கொஞ்சம் முன்னால் அதே இடத்தில்தான் குழந்தைகள் பூத்தட்டோடு நின்றிருந்தார்கள்.

மேளம் நின்றுவிட்டது. புண்ணியார்ச்சனை அன்று வாசல் கேட்டு விழுவதைச் சகுனமாகப் பார்க்காதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்போது என் தங்கை முன்னால் வந்து, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். "தூணுல தகடு சரியாப் பதியலீங்க அத்தை. கொத்தனாரு அவசரத்துல பண்ணிப்போட்டாரு." என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நாலைந்து ஆண்கள் கேட்டைத் தூக்கிச் சுவரில் சாத்தினார்கள். மேளம் மறுபடி தொடங்கியது. பசுவை ஓட்டிப் போனார்கள்.

ஹோமம் நடந்தது, பால் பொங்கியது. தூணைப் போய்ப் பார்த்தேன். தகடு அசையாமல் இருந்தது. அதோடு என் கீலும் முழுசாக இருந்தது. கீல் கேட்டைவிட்டுப் பிரிந்த இடத்தில் இரும்பு இரும்பைத் தொட்டதற்கு அடையாளமே இல்லை. மெல்லிய ஒரு கோடு, அதன் மேல் வெள்ளையாக உதிர்ந்த பட்டி. நான் கேட்டைப் பட்டியால் ஒட்டியிருக்கிறேன். முந்தின நாள் அதில் தொங்கிய குழந்தைகள் ஒவ்வொன்றின் முகமும் கண் முன்னால் வந்தது. பின்பக்கக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, பழையபடி கூட்டத்தில் நின்றேன்.

பந்திக்கு முன் வீடு கட்டியவர்களுக்கு மரியாதை செய்வார்கள். கொத்தனார், ஆசாரி, ஒயரிங்காரர் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வேட்டி துண்டு, வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுப்பார்கள். கேட்டு செய்தவன் என்று எனக்கும் ஒரு வேட்டி எடுத்து வைத்திருந்தாள் தங்கை. சொன்னால் வெட்கக்கேடு, அந்த வேட்டியை நான் ஒரு மாதமாக எதிர்பார்த்திருந்தேன். கொத்தனார் தன் மனைவியையும் இரண்டு பெண்களையும் அழைத்து வந்திருந்தார். பெண்கள் புதுப் பாவாடையில் முன்வரிசையில் நின்றார்கள். ஆசாரியை முதலில் கூப்பிட்டார்கள். அடுத்து ஒயரிங்காரரைக் கூப்பிட்டார்கள். முறைப்படி முதலில் அழைக்க வேண்டிய கொத்தனாரை அழைக்கவில்லை. மாமியார் அவருக்கான தட்டை நகர்த்தி மேஜைக்கு அடியில் வைப்பதைப் பார்த்தேன். அதைக் கொத்தனாரும் பார்த்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். அவருடைய சின்னப் பெண் மட்டும் அப்பா கையை அசைத்து எதையோ கேட்டாள்.

பேசப் போகிறேன் என்று நினைத்துப் பேசவில்லை. குரல் வந்துவிட்டது. "கொத்தனாரு மேல தப்பு இல்லீங்க. தகடு தூணுல அப்படியே நிக்குது, வந்து பாருங்க. நான் வெச்ச வெல்டிங்தானுங்க விட்டுப்போச்சு. பாக்க அழகா இருக்கோணும்னு தேச்சுப்போட்டேன்."

மாமியார் என்னைப் பார்க்கவில்லை. தன் மருமகளைப் பார்த்தார். வீட்டுப் பெண் விடியற்காலையில் இத்தனை பேர் முன்னால் சொன்னது பொய் என்று அவள் அண்ணனே அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டான். தங்கையின் கழுத்து சிவந்தது. அவள் திரும்பிச் சமையல் பக்கம் போனாள். கொத்தனார் மேல் விழுந்த அவமானத்தைத் துடைக்கப் போய், அதைத் தங்கை மேல் பூசிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மாமியார் மேஜைக்கு அடியிலிருந்து தட்டை எடுத்து, கொத்தனாரைக் கூப்பிட்டுக் கொடுத்தார். பிறகு என்னிடம், குரல் கொஞ்சமும் மாறாமல், "பரவாலீங்க தம்பி. சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணும்" என்றார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

நான் சாப்பிடவில்லை. பட்டறைக்குப் போய் வெல்டிங் மெஷினை எடுத்தேன். பட்டறைக்காரர் நடந்ததைக் கேட்டதும், நானும் வாரேன் என்று சட்டையை மாட்டினார். வேண்டாம் என்றேன். அவர் போட்டால் கேட்டு நிற்கும், சந்தேகமே இல்லை. ஆனால் நான் அந்த வீட்டில் இனி எங்கே நிற்பது? கிளம்பும்போது அவர் கிரைண்டரையும் எடுத்து நீட்டினார். அதை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

பந்தி நடந்துகொண்டிருந்தது. பந்தல் வாசலைப் பார்த்த மாதிரி இருந்ததால், சாப்பிடுகிறவர்களெல்லாம் இலையிலிருந்து நிமிர்ந்தால் நான்தான் தெரிவேன். பட்டியையும் பெயிண்டையும் சுரண்டி எடுத்தேன். கேட்டைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். யாரைக் கேட்பது என்று நிற்கையில் கொத்தனார் வந்து, அடியில் ஒரு கட்டையைக் கொடுத்துத் தோளையும் முட்டுக் கொடுத்தார். கொடுத்த புது வேட்டியை அங்கேயே கட்டிக்கொண்டிருந்தார். பொறி விழும், வேட்டி போய்விடும் என்றேன். "நீங்க போடுங்க" என்றார்.

முதல் ராடு ஒட்டிக்கொண்டது. பந்தலில் யாரோ சிரித்தார்கள், என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை. பிடுங்கி எடுத்து மறுபடி ஆரம்பித்தேன். இரும்பு உருகி உள்ளே இறங்குகிறதா என்பதைத் தவிர எதையும் பார்க்கக் கூடாது என்று, கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சின்ன வெளிச்சக் குழியையே பார்த்துக்கொண்டு மெதுவாக நகர்த்தினேன். மேலேயும் கீழேயும் இரண்டு சுற்றுப் போட்டேன். பொருக்கைத் தட்டினேன். மேடும் பள்ளமுமாக, தடியாக, கோழி எச்சமேதான். துருப் பிடிக்காமலிருக்க அதன் மேல் சிவப்புப் பிரைமர் மட்டும் பூசிவிட்டு நிறுத்தினேன். கொத்தனார் தோளை எடுத்ததும் கேட்டு நின்றது. அவர் வேட்டியில் முழங்கால் வரை பழுப்பு ஓட்டைகள். வேறு வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் மனைவி குனிந்து அந்த ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு தங்கை போனில் அம்மாவின் மாத்திரையைப் பற்றி மட்டும் பேசினாள். புரட்டாசி முழுக்க அப்படியே போனது. தீபாவளிக்குப் பலகாரத்தோடு நான் போனபோது, அவள் கொழுந்தனார் குழந்தைகள் இரண்டு பேர் அந்தக் கேட்டில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ, இறங்குங்க என்று கத்திவிட்டேன். இரண்டும் பயந்து இறங்கி ஓரமாக நின்றன. சின்னவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சத்தம் கேட்டுத் தங்கை வெளியே வந்தாள். குழந்தைகளைப் பார்த்தாள், மேல் கீலில் தடித்துக் கிடக்கும் சிவப்பு மேட்டைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

சின்னவளைத் தூக்கினாள். கேட்டின் கீழ்க் கம்பியில் நிற்க வைத்து, மேல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொல்லி, தன் கையாலேயே ஒரு தள்ளுத் தள்ளிவிட்டாள்.

"வாங்கண்ணா, காப்பி ஆறுது" என்று உள்ளே போய்விட்டாள்.

நான் போகவில்லை. கேட்டு போகும்போதும் வரும்போதும் கூடவே நடந்து, அந்தக் குழந்தை ஆடிச் சலித்துத் தானாக இறங்கும்வரை, கீழே இரண்டு கையையும் ஏந்திக்கொண்டிருந்தேன்.